அடுக்களையில் எரிவாயு அடுப்பு: விட வேண்டிய இடைவெளிகள்

எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மேல்நிலைத் தொட்டிப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, ஒரு புது வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் கட்டப்பட்ட வீடு அது. வீட்டுக்காரர் சிறு குடியானவர். திட்டத் தொகையுடன் ஆடு விற்ற பணத்தையும் சேர்த்து, அடுக்களையைத் தம் மனைவியின் விருப்பப்படி அமைத்திருந்தார். கறுப்புக் கிரானைட் மேடை. அதில் துளையிட்டுப் பதித்த கண்ணாடி முகமுடைய அடுப்பு. மேடைக்கு அடியில் கதவுகளுடன் கூடிய மர அலமாரி. நகரத்து வீடுகளில் காண்பது போன்ற அமைப்பு. ஆனால் அலமாரிக் கதவுகளில் ஒன்று கீலினின்றும் பெயர்ந்து சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மையாரின் வலக்கை முழங்கை வரை கட்டப்பட்டிருந்தது, புருவங்கள் கருகியிருந்தன. புதுமனை புகுந்து அப்பொழுது 3 வாரங்களே ஆகியிருந்தன.

வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “ஐயா, அடுப்பு மேலே இருக்குதுங்க. தீ கீழே அலமாரிக்குள்ளே இருந்துதானுங்க வந்தது. அது எப்படிங்க?”

அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. பின்னொரு நாள் எரிவாயு விநியோகஸ்தரின் மெக்கானிக்கையும் ஊர்க் கொத்தனாரையும் உடன் வைத்துக்கொண்டு, அளவு நாடா பிடித்துப் பார்த்த பிறகுதான் முழு விடை கிடைத்தது. அதை இங்கு எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவ்வீடு முற்றுப்பெற்றது என்று கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். அடுக்களையின் நீள அகலம் சரியாக இருக்கிறதா என்று எங்கள் அலுவலகம் பார்த்தது. மேடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எவரும் குனிந்து பார்க்கவில்லை.

சமையல் எரிவாயு நம் நாட்டு வீடுகளுக்கு வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இண்டேன் என்னும் பெயரில் கல்கத்தாவில் முதல் இணைப்பு வழங்கப்பட்டது 1965-ஆம் ஆண்டில். நம் மாநிலத்துக் கிராமங்களுக்கு அது பெருமளவில் வந்தது, 2007-ஆம் ஆண்டு முதல் மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பும் அடுப்பும் இலவசமாக வழங்கிய காலத்திலும், 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின்னரும் ஆகும். அக்காலத்தில் அடுப்பு ஒரு பலகை மீதோ கல் மீதோ சும்மா வைக்கப்பட்டிருந்தது. சிலிண்டர் பக்கத்தில் வெளிப்படையாக நின்றது. பார்வைக்கு அழகில்லை என்பது உண்மையே. ஆயினும் அந்த அமைப்பில் காற்று நாலா பக்கமும் ஓடிற்று, ரெகுலேட்டரின் மீது கை தாராளமாகப் பட்டது. இப்பொழுது ஹாப் என்று கடைக்காரர்கள் கூறும், மேடையில் பதிக்கும் அடுப்பு கிராமங்களுக்கும் வந்துவிட்டது. பதிப்பது என்றாலே நெருக்குவது என்று பொருள். எதை எவ்வளவு நெருக்கலாம் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எரிவாயுவின் இயல்பைக் காண்போம். சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கி நிரப்பப்படுகிறது. வெளிவந்தவுடன் வாயுவாகி ஏறத்தாழ 250 மடங்கு விரிகிறது. இதனினும் முக்கியமானது, அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதே. புகை மேலே எழும். எரிவாயு கீழே இறங்கும். வாய்க்காலில் மடை திறந்தால் தண்ணீர் பள்ளத்தை நாடிச் செல்வது போல, கசிந்த வாயு தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளமான இடத்திலும் மூலையிலும் தேங்கும். மேலேயுள்ள சாளரத்தைத் திறந்து வைத்தால் புகை போகும், எரிவாயு முழுவதும் போய்விடாது. இதை நம் மக்களிற் பலர் அறியார். அவ்வாயுவிற்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவை நாம் உணர்வதற்காகவே மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சிறிதளவு கலந்து அனுப்புகிறார்கள்.

காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு முதல் 9 பங்கு வரை இவ்வாயு கலந்திருந்தால் அக்கலவை தீப்பற்றும். இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையுடன் போட்டுப் பார்ப்போம். 8 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரமுள்ள அடுக்களை 576 கன அடி கொண்டது. அவ்வறை முழுவதும் சீராகப் பரவித் தீப்பற்றும் நிலையை அடைய ஏறத்தாழ முக்கால் கிலோ வாயு கசிய வேண்டும். மேடைக்கு அடியில் 2 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 10 கன அடி. அது தீப்பற்றும் நிலையை அடைய எவ்வளவு வாயு வேண்டும்? ஏறத்தாழ 12 கிராம் போதும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை! சிலிண்டரிலோ 14.2 கிலோ இருக்கிறது. குடியானவரின் கேள்விக்கு விடை இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

அவ்வீட்டில் நடந்தது இதுதான். அடுப்பின் அடியில் ரப்பர் குழாய் சேரும் இடத்தில் பிடிப்பு வளையம் இறுகவில்லை. மிக மெல்லிய கசிவு. திறந்த இடமாக இருந்திருந்தால் சிறிது நாற்றம் அடித்து எச்சரித்திருக்கும். மூடிய கதவு அந்நாற்றத்தையும் உள்ளே அடக்கிவிட்டது. புது வார்னிஷ் வாடை மிச்சத்தை மறைத்தது. இரவில் ரெகுலேட்டரை மூடியிருந்தால் அக்கசிவும் நின்றிருக்கும். ‘ஏன் மூடவில்லை?’ என்று நான் அம்மையாரைக் கேட்டேன். பழைய வீட்டில் ஒவ்வோர் இரவும் மூடுவாராம். இங்கு சிலிண்டர் அலமாரியின் உள்மூலையில், மேடைக் கல்லை ஒட்டினாற்போல் நின்றமையால், ரெகுலேட்டரைத் திருப்பக் கை நுழைவதே கடினம். முட்டி கல்லில் உராய்ந்து தோல் உரிந்ததாம். இரண்டு நாள் முயன்று பின்பு அவ்வழக்கத்தை விட்டுவிட்டார். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தவுடன், கதவிடுக்கு வழியே வெளிவந்திருந்த வாயுவைத் தீ பிடித்து, அலமாரிக்குள் ஓடிற்று.

இதில் அம்மையாரின் குற்றம் யாதொன்றும் இல்லை. கைக்கு இடம் விடாத மேடையே குற்றமுடையது. ஆதலின் நாம் அளக்க வேண்டிய முதல் இடைவெளி, சிலிண்டரின் தலைக்கும் மேடைக் கல்லுக்கும் இடையே உள்ளது. 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 2 அடி உயரமும், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவும் உடையது. அதன் மேல் ரெகுலேட்டர். அதன் மேல் ஒரு கை தாராளமாகத் திரும்ப அரையடியாவது வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால், சிலிண்டர் மேடைக்கு அடியில் நிற்க வேண்டுமாயின் மேடைக் கல்லின் அடிப்பாகம் தரையிலிருந்து 2 அடி 9 அங்குலத்திற்குக் குறையலாகாது என்பது விளங்கும். மேடை அதனினும் தாழ்ந்திருந்தால், சிலிண்டரை மேடையின் பக்கத்தில் வெளியே நிறுத்துவதே சரி. நமது வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. எவ்வாறாயினும் அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். தரை மட்டத்திற்குக் கீழுள்ள குழியிலோ பள்ளத்திலோ அதை வைக்கலாகாது.

மேடைக்கு அடியில்தான் வைப்பேன் என்பவர், அப்பகுதிக்குக் கதவு போடாமல் விடுவது உத்தமம். கதவு இல்லாவிடில் எலி, பல்லி புகுமே என்று பெண்மணிகள் கூறுவார்கள். அவ்வாறாயின் கம்பி வலைக் கதவு போடலாம். மரக்கதவேதான் வேண்டுமெனில், அதன் கீழ் விளிம்பிலும் மேல் விளிம்பிலும் செங்கல் முகத்தளவுக்குக் குறையாத திறப்புகள் இரண்டிரண்டாவது விட வேண்டும். கீழ்த் திறப்பு தரையை ஒட்டியே இருத்தல் வேண்டும். தரைக்கு அரையடி மேலே துளையிட்டு, ‘காற்றுக்கு வழி விட்டேன்’ என்று கூறும் தச்சர்களைக் கண்டிருக்கிறேன். அந்த அரையடி ஆழத்துக்கு வாயு குளம் போல் நிற்கும்.

இவ்விடத்தில் நம் முன்னோர் கட்டிய அடுக்களைகளைப் பற்றி ஒன்று கூறத் தோன்றுகிறது. பழைய வீடுகளில் அடுக்களையின் ஒரு மூலையில் அங்கணம் இருக்கும். பாத்திரம் கழுவிய நீர், சுவரின் அடியிலுள்ள துளை வழியே கொல்லைக்கு ஓடும். அவர்கள் அதை நீருக்காகவே வைத்தார்கள். ஆயினும் தரை மட்டத்தில், வெளிக்காற்றை நோக்கித் திறந்திருக்கும் அத்துளை எரிவாயுவிற்கும் வடிகாலாக அமையத்தக்கது. இன்று கட்டும் அடுக்களைகளில் பாத்திரத் தொட்டி மேலே ஏறிவிட்டது, தரைத்துளை மறைந்துவிட்டது. வாசலில் ஓர் அங்குலம் உயர்ந்த படிக்கல் வேறு. ஆகவே அறை ஒரு தொட்டி போல் ஆகிவிடுகிறது. புதிதாகக் கட்டுவோர் வெளிச்சுவரின் அடியில், தரையோடு ஒட்டி, வலை பொருத்திய ஒரு செங்கல் திறப்பு விடுமாறு கொத்தனாரிடம் கூறுக. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அத்திறப்பு வெட்டவெளியை நோக்கியிருக்க வேண்டுமேயன்றி, மூடிய சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ செல்லலாகாது. அங்கே இறங்கிய வாயு எளிதில் வெளியேறாது.

வாயு தரையில் படரும் என்றால் தரையில் தீப்பொறி இருக்கலாகாது என்பது தானே விளங்கும். ஆயினும் நம் வீடுகளில் அடுக்களையின் ஓரத்திலேயே பூசை மாடம் இருப்பதைக் காண்கிறோம்; குத்துவிளக்கு தரையில் நிற்கிறது. விளக்கு வேண்டாம் என்று நான் கூறவில்லை. சிலிண்டர் நிற்கும் மூலைக்கு எதிர் மூலையில், இயன்றால் அடுத்த அறையில் அது இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் மின்பொறி பின்புறம் தாழ்வான இடத்தில் அமைந்து, தானே ஓடித் தானே நிற்கும் இயல்புடையது. ஒவ்வொரு முறையும் சிறு பொறி தோன்றக்கூடும். சிலிண்டரையும் அதையும் அடுத்தடுத்து நிறுத்துவது தகாது. மின் பிளக்கு மாட்டும் பலகையும் சிலிண்டருக்கு அருகே தாழ்வாக இருக்கலாகாது.

இனி அடுப்புக்கு வருவோம். ஹாப் வாங்குபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்டுப் பெற வேண்டியது அதனுடன் வரும் கையேடு. கல்லில் எவ்வளவு துளை வெட்ட வேண்டும், பின்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும், அடியில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பவை அடுப்புக்கு அடுப்பு மாறும். அவை அதில் படத்துடன் தரப்பட்டிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அக்காகிதம் அட்டைப் பெட்டியுடன் குப்பைக்குப் போய்விடுகிறது. கல் வெட்டுபவரோ ‘வழக்கமான அளவு’ என்று ஓர் அளவை வைத்துக்கொண்டு வெட்டிவிடுகிறார். வழக்கமான அளவு என்று எதுவும் இல்லை. அடுப்பு வீட்டுக்கு வந்த பிறகே கல்லை வெட்ட வேண்டும்.

குறைந்த அகலமுள்ள மேடையே நம் ஊர்களில் காணும் பெருங்குறை. பழைய பாணி அடுப்பை வைக்க ஒன்றே முக்கால் அடி அகலம் போதுமாயிருந்தது. பல ஹாப்கள் முன்பின்னாக 20 அங்குலம் வரை வருகின்றன. 21 அங்குல மேடையில் அதைப் பதித்தால் பின்பக்கத் தீமுகம் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. முன்பக்கத் தீமுகம் சமைப்பவரின் வயிற்றுக்கு நேரே வந்துவிடுகிறது. துளைக்கு முன்னும் பின்னும் எஞ்சும் கல்லும் மெலிந்து, சில மாதங்களில் வெடிக்கிறது. ஆதலின் ஹாப் பதிக்கும் எண்ணமுள்ளவர் மேடையின் அகலத்தை 2 அடிக்குக் குறைக்கலாகாது. 2 அடி 3 அங்குலமாயின் இன்னும் நன்று. வெட்டிய துளைக்கும் கல் விளிம்புக்கும் இடையே 2 அங்குலக் கல்லேனும் நிற்க வேண்டும்.

பின்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் விட வேண்டிய தூரத்திற்குக் கையேட்டில் ஓர் அளவு இருக்கும். அது குறைந்தபட்ச அளவு; சிறு பாத்திரங்களை எண்ணி எழுதப்பட்டது என்று கொள்க. நம் வீடுகளிலோ பொங்கலுக்கும் விருந்துக்கும் குண்டானும் தவலையும் அடுப்பேறும். ஆகவே நான் கூறும் முறை இது. கல்லை வெட்டுமுன், உங்கள் வீட்டிலுள்ள மிகப் பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து, தீமுகம் வர வேண்டிய இடத்தில் கவிழ்த்து வையுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அவ்வட்டத்திற்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் கிடையாக நுழைய வேண்டும். இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டலாகாது. அளவு நாடா இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். அகன்ற பாத்திரம் சுவரை ஒட்டி நின்றால் சுவாலை பக்கவாட்டில் ஒதுங்கி, திருகுகளையும் கண்ணாடி முகத்தையும் சுடுகிறது. கண்ணாடி முகம் திடீரென்று நொறுங்குவதற்கு இவ்வாறு அடங்கிய சூடும் ஒரு காரணம்.

செங்கற்சுவர் தீப்பற்றாது. ஆனால் சுவரில் மாட்டிய நாட்காட்டி, சாளரத் திரை, பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கிய பலகை ஆகியவை தீப்பற்றும். அடுப்புக்கு நேர் மேலே தீப்பற்றக்கூடிய எதுவும் இரண்டரை அடிக்குள் இருக்கலாகாது. அமெரிக்க நாட்டு எரிவாயு விதிகளிலும் காப்புத் தகடு இல்லாத மரப்பலகைக்கு இதே 30 அங்குலந்தான் குறிக்கப்பட்டுள்ளது. புகைபோக்கிக் கூண்டு மாட்டுவோர் அதன் கையேட்டில் கண்டபடி மாட்டுக. பெரும்பாலும் அது 26 முதல் 30 அங்குலத்திற்குள் வரும். அதனினும் தாழ்த்தினால், கூண்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு தீப்பற்றும். இவ்வளவு உயரம் விட்டாலும் அடுப்புக்கு நேர் மேலே அலமாரியே வேண்டாம் என்பது என் கருத்து. உப்பையும் புளியையும் எடுக்கச் சுவாலையின் மேல் கையை நீட்டும்போது முந்தானை தீயில் படுகிறது. நைலான் கலந்த துணியாயின் உருகி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. அஞ்சறைப் பெட்டிக்கு அடுப்பின் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி இடம் ஒதுக்கினால் போதும். சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் 3 அடியாவது இடம் இருக்கட்டும். குழந்தை ஓடி வந்து இடித்தாலும் தாய் அடுப்பின் மேல் சாயாதிருக்க அவ்வளவு வேண்டும்.

அக்கினி மூலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தென்கிழக்கு மூலையில் அடுக்களையும், கிழக்கு நோக்கிய அடுப்பும் அமைப்பது நம் மக்களின் வழக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கினி மூலை என்பது அறையின் திசையைக் குறிப்பதேயன்றி, இரண்டு சுவர்கள் கூடும் இடுக்கில் அடுப்பைச் செருக வேண்டும் என்று கூறுவதன்று. மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தாலும் அது தென்கிழக்கே. கிழக்குச் சுவரில் சாளரம் இருந்தால் அடுப்பு அதற்கு நேரே வாராமல் சற்று ஒதுங்கியிருக்கட்டும். காலைக் காற்று சுவாலையை அணைத்துவிட்டால், அணைந்தது தெரியாமல் வாயு வந்துகொண்டேயிருக்கும்.

பதித்த அடுப்பின் அடிப்பாகத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சில வகை ஹாப்கள் எரிவதற்கு வேண்டிய காற்றில் ஒரு பகுதியை அடியிலிருந்தே இழுக்கின்றன. அடியை நன்றாக மூடிவிட்டால் நீலச் சுவாலை மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது. சுவாலை மஞ்சளாவது, எரிதல் முழுமை பெறவில்லை என்பதன் அடையாளம்; அப்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு கிலோ எரிவாயு சரியாக எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும் என்பதிலிருந்து, அடுக்களைக்கு மேற்புறமும் ஒரு சாளரமோ ஜாலியோ ஏன் தேவை என்பது விளங்கும். கீழ்த் திறப்பு கசிவுக்கு. மேல் திறப்பு வெப்பத்துக்கும் எரிந்த வாயுக்களுக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ரப்பர் குழாய் அடுப்பின் அடித்தகட்டைத் தொடலாகாது. சுரக்ஷா என்னும் ஆரஞ்சு நிறக் குழாயே தகுந்தது. அதன் நீளம் 1.5 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 5 அடிக்கு மேற்படலாகாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இரண்டு துண்டுகளை ஒட்டுப் போடுவதும், சுவரிலோ கல்லிலோ துளையிட்டு ரப்பர் குழாயை நுழைப்பதும், அழகுக்காக அதன் மேல் உறை போடுவதும் கூடா. விரிசல் கண்ணுக்குப் புலப்படாமல் போகும். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைக்க விரும்புவோர், சுவரைக் கடக்கும் பகுதிக்கு உலோகக் குழாய் போட வேண்டும். அப்பணியை விநியோகஸ்தரின் மெக்கானிக்கிடம் விடுக. ஊர்க் குழாய்க்காரரிடம் விட வேண்டாம்.

கூரை வீட்டினருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கீற்று வேய்ந்த வீட்டில் எரவாணம் தாழ்ந்து வரும் ஓரத்திலேயே சமையல் நடக்கிறது. அங்கே மேலே இரண்டரை அடி போதாது. கூரை மிக உயர்ந்திருக்கும் நடுப்பகுதிக்கு அடுப்பைக் கொண்டுவர வேண்டும். இயன்றால் அடுப்புக்கு மேலே இரும்புத் தகடொன்றைக் கூரைக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுவது நலம். அன்றியும், எரிவாயு வந்த பின்னும் விறகடுப்பை விட்டவர் குறைவு. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அது வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அறையில், ஒன்று தரையிலும் மற்றொன்று மேடையிலும் எரிவதைக் காண எனக்கு அச்சமாக இருக்கிறது. தரையில் எரியும் விறகடுப்பை நோக்கித்தான் கசிந்த வாயு செல்லும். விறகடுப்பைத் தாழ்வாரத்துக்கோ கொல்லைக்கோ மாற்றிவிடுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், சமையலுக்கான இடத்தையும் சேர்த்து 25 சதுர மீட்டர் என்பது வீட்டின் குறைந்த அளவு. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி. இச்சிறு பரப்பில் அடுக்களைக்குக் கிடைப்பது கொஞ்சமே. சுவர் எழும்பும்போது கீழ்த் திறப்பையும் மேடை உயரத்தையும் நினைவூட்டினால் பயனாளிக்கு ஒரு காசு செலவில்லை. பூச்சு முடிந்தபின் இடித்தால்தான் செலவு. வீட்டின் அடித்தளம் முடிந்து சுவர் தொடங்கும் நாளில் உறுப்பினர் ஒருவர் சென்று கொத்தனாரிடம் இவ்விரண்டையும் கூறுவது போதும். அதுபோன்றே அங்கன்வாடிகளையும் பள்ளிச் சமையற்கூடங்களையும் பார்வையிட வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கிய பிறகு, பல பள்ளிகளில் விடியற்காலையிலேயே அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தவுடன் பற்றவைப்பது ஆபத்து. கதவையும் சாளரங்களையும் திறந்து, சில நிமிடங்கள் கழித்து, நாற்றம் இல்லை என்று கண்ட பின்பே தீக்குச்சியை எடுக்க வேண்டும் என்று சமையற்பணியாளர்களிடம் கூறுங்கள். அங்கே பண்டகசாலையும் சமையற்கூடமும் ஒன்றாயிருப்பின், உபரிச் சிலிண்டரை அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைக்கும் வழக்கத்தையும் நிறுத்துக.

நாற்றம் அடித்தால் செய்ய வேண்டியவை மிகச் சில. மின் விளக்கைப் போடவும் கூடாது, எரிவதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. எரியும் விளக்கையும் அடுப்பையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியைச் சிலிண்டரின் வாயில் பொருத்துவது நன்று. பிறகு வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். எரிவாயுக் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது. சோப்பு நீரைத் தடவிக் கசிவைச் சோதிப்பது சரி. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது தவறு என்பதை இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. புது வீட்டுக்கு மாறியவர்கள் விநியோகஸ்தரிடம் முகவரியை மாற்றிப் பதிந்துகொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு, பதிவு பெற்ற இடத்தையே கணக்கில் கொள்கிறது. அவ்வீட்டுக்காரர் பழைய குடிசையின் முகவரியிலேயே சிலிண்டர் வாங்கிவந்தார். மருத்துவச் செலவைக் கேட்கப் போனபோதுதான் அது அவருக்குத் தெரிந்தது.

அவர் வீட்டில் பின்பு செய்த மாற்றம் பெரிதன்று. மர அலமாரியின் ஒரு பகுதியைக் கழற்றி எடுத்து, சிலிண்டரை மேடையின் பக்கத்தில் திறந்த இடத்தில் நிறுத்தினோம். கொத்தனார் வெளிச்சுவரின் அடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து வலை பொருத்தினார். பிடிப்பு வளையம் மாற்றப்பட்டது. எல்லாம் ஒரு நாள் வேலை. அம்மையார் அன்றிரவு முதல் ரெகுலேட்டரை மூடிவருகிறார்.

வீடுகளின் நிறைவுப் படம் எடுக்கச் செல்லும் பணி மேற்பார்வையாளர்களிடம், முகப்பைப் படம் எடுப்பதோடு அடுக்களை மேடைக்கு அடியையும் ஒரு படம் எடுத்து வருமாறு கூறியிருக்கிறேன். முதலில் வந்த படத்தில் சிலிண்டர் திறந்த இடத்தில்தான் நின்றது. ரெகுலேட்டருக்கு மேல் அரையடிக்குக் குறையாமல் இடமும் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில், தரையில், ஓர் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அவ்வூருக்குப் புறப்பட்டேன்.